வெட்டியபின் வரும் துளிர்

நியூசிலாந்தின் மலைச்சரிவுகளில் ஆள் உயரத்தைத் தாண்டி அடர்ந்து நிற்கும் கோர்ஸ் என்ற முள்புதரை இயந்திரம் கொண்டு வெட்டிச் சாய்த்தால், அன்று மாலைக்குள் சரிவு துப்புரவாகிவிடும். சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் நிலைமை முன்பைவிடக் கைமீறியிருக்கும். வெட்டுப்பட்ட ஒவ்வொரு கட்டையிலிருந்தும் கொத்துக் கொத்தாகத் துளிர் கிளம்பியிருக்கும். கட்டைகளுக்கு இடையில், பல ஆண்டுகள் இருட்டில் கிடந்த விதைகள் வெயில் பட்டதும் முளைத்து, கால் வைக்க இடமில்லாமல் நாற்றாக நிற்கும். வெட்டுக்கூலி போனது, புதர் போகவில்லை.

அந்நியப் புதர்களோடு போராடுகிறவர்கள் பலரும் பல நாடுகளில் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சில மாதங்களை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். கோர்ஸ் தன் வாழ்நாளில் மிக எளிதாக வீழக்கூடிய கட்டம் அதுதான். துளிரில் முள் இன்னும் முற்றவில்லை. தழை முழுவதும் முழங்கால் உயரத்துக்குள் இருக்கிறது. அடிக்கட்டையிலும் வேரிலும் இருந்த மாவுச்சத்தில் கணிசமான பங்கு இந்தத் துளிர்களை அனுப்புவதிலேயே செலவாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வெள்ளாடுகள் உள்ளே வந்தால் கதையின் போக்கு மாறுகிறது. வெட்டும் மேய்ச்சலும் தனித்தனியே தோற்று, சேரும்போது மட்டும் வெல்வது ஏன் என்று புரிந்துகொள்ள நான் அறிந்தவரை கோர்ஸைவிடத் தெளிவான செடி இல்லை.

கோர்ஸின் தாயகம் மேற்கு ஐரோப்பா. உலெக்ஸ் யூரோப்பியஸ் என்பது தாவரவியல் பெயர். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் பூவில் தேங்காய் மணம் வீசும். பிரிட்டனில் ரொட்டி அடுப்புகளுக்கு இது நல்ல எரிபொருளாக இருந்தது. முள்ளை நசுக்கிக் குதிரைக்கும் மாட்டுக்கும் தீவனமாகப் போட்டார்கள். வேல்ஸில் இதை நசுக்குவதற்கென்றே ஆலைகள் ஓடின. கம்பிவேலி வராத காலத்தில் நியூசிலாந்தில் குடியேறிய பிரிட்டிஷார் உயிர்வேலிக்காக இதன் விதையைக் கொண்டுபோனார்கள். 1835 டிசம்பரில் பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வின், வைமாட்டே மிஷன் பண்ணையில் கோர்ஸ் வேலி இருப்பதைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். செழித்து வளரும் ஆங்கிலேயப் பண்ணையின் அடையாளங்களில் ஒன்றாக அது அவர் கண்ணில் பட்டது.

பிறகு வேலி வயலுக்குள் இறங்கியது. ஐரோப்பாவில் அதன் விதையைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த பூச்சிகள் நியூசிலாந்தில் இல்லை. குளிர்காலமும் மிதமானது. நாட்டின் பல பகுதிகளில் வசந்தத்தில் ஒரு முறையும் இலையுதிர் காலத்தில் இன்னொரு முறையுமாக ஆண்டுக்கு இருமுறை பூத்தது. காடு அழித்து உண்டாக்கிய மேய்ச்சல் நிலங்கள் வேறு வெயிலுக்குத் திறந்து கிடந்தன. கோர்ஸுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இந்தச் செடியின் உடலமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்; மருந்தும் ஆடும் கோடரியும் எதை எதிர்கொள்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். முளைத்த நாற்றில் மூன்று சிற்றிலைகள் கொண்ட மெல்லிய இலைகள் வருகின்றன. வளர வளர இலைகள் சுருங்கி முள்ளாகின்றன. பச்சை முள்ளும் பச்சைத் தண்டுமே ஒளிச்சேர்க்கை செய்வதால், முதிர்ந்த புதருக்கு இலை என்று தனியே ஒன்று தேவைப்படுவதில்லை. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் சத்தற்ற மண்ணிலும் அது தளராது. காய் முற்றியதும் கோடை வெயிலில் பட்டென்று வெடித்து விதையைச் சில மீட்டர் தூரத்துக்கு வீசும். விதையின் தோல் கெட்டியானது. மண்ணுக்குள் 30 ஆண்டுகள் கழிந்தும் முளைக்கும் திறன் போகாது. பழைய கோர்ஸ் புதருக்கு அடியில் ஒரு சதுர மீட்டர் மண்ணில் ஆயிரக்கணக்கான விதைகள் கிடப்பது சாதாரணம்.

தீ வைத்தால்? புதரின் உள்ளே காய்ந்த குச்சியும் முள்ளும் நிறையச் சேர்ந்திருப்பதால் பற்றிக்கொண்டு எரியும். எரிந்த சூட்டில் விதைத்தோல் விரிசல் விட்டு, முளைப்பு இன்னும் பெருகும். கருகிய கட்டைகளும் துளிர்க்கும். தீக்குப் பழகிய செடி அது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நியூசிலாந்து விவசாயிகளின் நம்பிக்கை முழுவதும் ஒரு களைக்கொல்லியின்மேல் இருந்தது. 2,4,5-டி என்று பெயர். வியட்நாம் போரில் காடுகளின்மீது தூவிய ஏஜென்ட் ஆரஞ்சுக் கலவையில் பாதி இதுதான். தயாரிப்பின்போது உண்டாகும் டையாக்ஸின் நச்சு இதில் கலந்திருப்பது தெரிந்து, நாடு நாடாக அதைக் கைவிட்டார்கள். நியூசிலாந்தின் நியூ பிளிமத் நகரில் மட்டும் 1987 வரை உற்பத்தி நடந்தது. கோர்ஸுக்கு எதிரான போரில் அந்த மண்ணும் அதில் வேலை செய்த உடல்களும் கொடுத்த விலையை நினைத்தால் மனம் கனக்கிறது. கையில் இருந்த ஒரே ஆயுதம் அது என்று நம்பியதுதான் அந்த விலைக்குக் காரணம்.

வெள்ளாடு அறிவியலாளர்களின் பார்வைக்கு வந்தது ஏறத்தாழ அதே காலத்தில். 1980-களில் மோஹேர், காஷ்மீர் ரோமத்துக்கு நல்ல விலை கிடைத்ததால் நியூசிலாந்தில் ஆடு வளர்ப்பு சூடுபிடித்து, ஆடுகளின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. ஆடுகளைச் செம்மறிகளோடு மலைப் பண்ணைகளில் விட்டபோது, பக்கத்தில் நல்ல புல் இருந்தும் அவை கோர்ஸைத் தேடிப் போய்த் தின்றன. முறையான மேய்ச்சல் சோதனைகள் அதை அளந்து உறுதி செய்தன. ஒரே கோர்ஸ் நிலத்தில் செம்மறியைவிட வெள்ளாடு பல மடங்கு திறமையாகப் புதரை அடக்கியது.

காரணம் இரண்டு விலங்குகளின் வாயிலும் பழக்கத்திலும் இருக்கிறது. செம்மறி தலை குனிந்து புல் மேயும் விலங்கு. கோர்ஸ் நாற்றைப் புல்லோடு சேர்த்துக் கடிக்கும். முள் முற்றிய பிறகு ஒதுங்கிவிடும். வெள்ளாட்டின் மேலுதடு அசைவு மிகுந்தது. முள்ளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய நுனியை அது தனியே பிரித்து எடுக்கும். பின்னங்கால்களில் எழுந்து நின்று தலைக்கு மேலுள்ள கிளையை வளைக்கும். பூவை விரும்பித் தின்னும் என்பதால் காயும் விதையும் உண்டாகும் வழியே அடைபடுகிறது. குளிர்காலத்தில் தடித்த தண்டின் பட்டையை வளையமாக உரித்தும் விடும். பட்டை போன தண்டு காய்கிறது. அதே ஆடு மேய்ச்சல் நிலத்தின் வெள்ளைக் குளோவரை அவ்வளவாக நாடுவதில்லை. களை குறைந்து தீவனப்பயிர் பெருகுவது ஒரே வாயால் நடக்கிறது.

இவ்வளவு திறமை இருந்தும், பத்து இருபது ஆண்டு வயதான கோர்ஸ் காட்டில் ஆட்டை மட்டும் விட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அந்த வயதில் பச்சை எல்லாம் உச்சியில் இருக்கும். கீழே காய்ந்த முள் மட்டும். ஆடு உள்ளே நுழைய முடியாது. ஓரங்களைக் கடித்து, எட்டிய வரை தின்று, பட்டினியில் மெலியும். உச்சியோ எட்டாத உயரத்தில் நிம்மதியாகப் பூத்து விதை கொட்டிக்கொண்டிருக்கும். வெட்டு இங்கேதான் தேவைப்படுகிறது. வெட்டின் வேலை செடியைக் கொல்வது என்று நினைத்தால் அது தோல்வி. உச்சியில் இருக்கும் பச்சையை ஆட்டின் வாய்க்கு இறக்கிக் கொடுப்பதுதான் வெட்டின் வேலை என்று எண்ணினால், அது கச்சிதமாக முடிந்த வேலை.

துளிர் வந்த பிறகு மண்ணுக்கடியில் நடப்பது ஒரு கணக்கு. செடியின் அடிக்கட்டையும் வேரும் பத்தாயம் மாதிரி. பச்சைத் தழை சம்பாதித்து அனுப்பும் மாவுச்சத்து அங்கே சேர்கிறது. வெட்டியதும் சம்பாத்தியம் நின்றுபோகிறது. செடி பத்தாயத்தைத் திறந்து, இருக்கும் இருப்பைச் செலவழித்துத் துளிர் அனுப்புகிறது. அந்தத் துளிர் சில வாரங்கள் வரை செலவுக்கணக்கில்தான் இருக்கும். போதிய அளவு வளர்ந்து விரிந்த பிறகே வேருக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கும். திருப்பி அனுப்பத் தொடங்குவதற்கு முன்பே தின்றுவிட்டால் இருப்பு இன்னும் குறைகிறது. செடி மறுபடி துளிர்க்கிறது, முன்பைவிட மெலிந்து. மறுபடியும் தின்ன வேண்டும். ஒருமுறை வெட்டுவது எவ்வளவு ஆழமான காயமானாலும் செடி அதைப் பொறுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தழையிழப்பதை அதனால் நெடுங்காலம் பொறுக்க முடியாது.

மனிதர்கள் இதைச் செய்ய முடியாதா என்று கேட்கலாம். முடியும், அரிவாளோடு ஆண்டுக்குப் பல முறை அதே சரிவில் ஏற வேண்டும். எந்தப் பண்ணைக்கும் அந்தக் கூலி கட்டாது. ஆடு கூலி கேட்பதில்லை. தின்ற துளிரை இறைச்சியாகவும் ரோமமாகவும் மாற்றித் தருகிறது. அவரைக் குடும்பத்துச் செடி என்பதால் கோர்ஸ் துளிரில் புரதம் கணிசமாகவே உண்டு.

கட்டையின் துளிர் ஒரு பாதி; விதையிலிருந்து வரும் நாற்று மறு பாதி. வெட்டியதும் வெளிச்சம் மண்ணைத் தொடுகிறது, ஆயிரக்கணக்கில் நாற்று எழுகிறது. இதைப் பார்த்துத்தான் பலர் மனம் உடைகிறார்கள். எனக்கு இது நல்ல செய்தியாகப் படுகிறது. மண்ணுக்குள் 30 ஆண்டுகள் ஒளிந்திருக்கக்கூடிய விதையை எந்தக் கோடரியும் எந்த மருந்தும் தொட முடியாது. அது தானே வெளியே வந்து, முள்ளில்லாத மெல்லிய இலையோடு நிற்கும் காலம் இது ஒன்றுதான். அந்தப் பருவத்தில் செம்மறி கூட அதைத் தின்றுவிடும். வெள்ளாடும் செம்மறியும் சேர்ந்து மேயும் நிலத்தில் கட்டைத் துளிரை ஒன்றும் நாற்றை மற்றொன்றும் பார்த்துக்கொள்கின்றன.

இதில் மூன்றாவதாக ஒரு கூட்டாளி உண்டு, பலரும் மறந்துவிடுவது: புல். கோர்ஸ் நாற்றுக்கு நிழல் ஆகாது. வெட்டிய நிலத்தில் உடனே ரைபுல்லும் குளோவரும் விதைத்து, தேவையான பாஸ்பேட் உரம் போட்டு நிலத்தை மூடிவிட்டால், முளைக்கும் நாற்றுகளில் பெரும்பங்கு நெருக்கத்திலேயே மடிகிறது. புல் மூடாத வெற்று மண்ணை ஆடு எவ்வளவு கடித்தாலும் அடுத்த மழைக்கு அடுத்த வரிசை நாற்று தயார். ஆட்டை நம்பிப் புல்லை மறந்த சரிவுகளில் கோர்ஸ் திரும்பி வந்துவிடும்.

இதெல்லாம் சொல்லும் அளவுக்குச் சுலபமில்லை. ஆட்டுக்கு வேலி போடுவது செம்மறிக்குப் போடுவது போன்றதல்ல. மின்கம்பி ஓட்டாத வேலியை அது ஒரு பொருட்டாக மதிக்காது. தப்பிய ஆடு காட்டுக்குள் போனால் கேடு. 1770-களில் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் ஆடுகளை இறக்கிவிட்ட நாடு நியூசிலாந்து. பின்னால் வந்த ஆடுகளின் வழியில் உண்டான காட்டு ஆட்டுக் கூட்டங்கள் மலைக்காடுகளின் இளங்கன்றுகளைத் தின்று தீர்ப்பதால், அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை இன்றும் அவற்றைச் சுட்டுக் குறைக்கிறது.

குடற்புழு இன்னொரு சிக்கல். புழுவின் இளம்பருவம் புல்லின் அடிப்பகுதியில், தரையிலிருந்து சில சென்டிமீட்டருக்குள் அதிகம் இருக்கும். புதர் மேயும்போது ஆட்டின் வாய் தரைக்கு மேலே இருப்பதால் தொற்று குறைவு. பரிணாமத்தில் புதர் மேய்ந்தே வந்த விலங்கு என்பதால் செம்மறிக்கு உள்ள எதிர்ப்பாற்றல் அதற்கு இல்லை. கோர்ஸ் தீரத் தீர ஆடு தலை குனிந்து புல்லுக்கு வருகிறது, புழு ஏறுகிறது. தன் வேலையை நன்றாக முடித்த மந்தைதான் நோயில் விழும். புதர் மெலிந்த நிலத்திலிருந்து ஆடுகளைக் காலத்தே அடுத்த நிலத்துக்கு மாற்றுவது செடிக்காக மட்டும் இல்லை, ஆட்டுக்காகவும்தான்.

எந்த ஆடு என்பதும் கணக்கில் வரும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஃப்ரெட் ப்ரொவென்சா, பிளாக்பிரஷ் என்ற பாலைப் புதரில் ஆடுகளை மேயவிட்டு நெடுங்காலம் ஆராய்ந்தவர். கடித்தால் புதிய கிளை வரும், அது சத்தானது, ஆடு விரும்பும் என்ற எதிர்பார்ப்போடு தொடங்கினார். ஆடுகள் புதிய கிளையை ஒதுக்கிப் பழைய கிளையைத் தின்றன. புதியதில் டானின் மிகுதி. ஒரு மந்தை மட்டும் வேறு வழி கண்டது. காட்டெலிகள் குச்சியும் தழையும் சேர்த்துக் கட்டிய வளைகளைத் தின்னத் தொடங்கியது. எலியின் சிறுநீர் ஊறிய அந்தக் கூளத்திலிருந்து அதற்கு நைட்ரஜன் கிடைத்தது. குளிர்காலத்தை மற்ற மந்தைகளைவிட நன்றாகத் தாண்டியது. எதைத் தின்பது என்பதை ஆடு பெரிதும் கற்றுக்கொள்கிறது, குட்டி தாயிடமிருந்து கற்கிறது என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுபோன நிகழ்ச்சிகளில் இது ஒன்று. முள்புதரே பார்க்காமல் கொட்டிலில் வளர்ந்த ஆட்டை வாங்கிவந்து புதரில் விட்டால் முதல் ஆண்டு அது தடுமாறத்தான் செய்யும். நம் ஊர்க் கீதாரியிடம் இதைச் சொன்னால், இதில் என்ன புதுமை என்று கேட்பார்.

கோர்ஸை வெட்டவே கூடாது, ஆட்டை அண்டவே விடக்கூடாது என்று சொல்லும் மனிதர் ஒருவரும் நியூசிலாந்தில் இருக்கிறார். அவர் சொல்வதும் சரி. பேங்க்ஸ் தீபகற்பத்தில் ஹினெவாய் என்ற காப்பகத்தை 1987 முதல் கவனித்துவந்த தாவரவியலாளர் ஹியூ வில்சன், கைவிடப்பட்ட பண்ணை நிலத்தில் கோர்ஸைத் தன்போக்கில் வளரவிட்டார். தொடக்கத்தில் அக்கம்பக்கத்து விவசாயிகள் கடுமையாக எதிர்த்தார்கள். கோர்ஸ் நிழலில் உள்நாட்டு மரக்கன்றுகள் முளைத்தன. கோர்ஸ் நாற்று நிழலில் பிழைக்காது. மரங்கள் மேலே வந்து வெளிச்சத்தை மறைத்ததும் கோர்ஸ் தானே மடிந்தது. சில பத்தாண்டுகளில் அங்கே காடு திரும்பியிருக்கிறது. ஆடு அங்கே எதிரி. மரக்கன்றைத்தான் முதலில் தின்னும். புல் வேண்டும் என்றால் வெட்டும் ஆடும், காடு வேண்டும் என்றால் பொறுமையும் வேலியும். நிலத்தில் என்ன வர வேண்டும் என்று முடிவு செய்யாமல் எதைப் போக்க வேண்டும் என்று மட்டும் பேசுவதில்தான் பல திட்டங்கள் வழி தவறுகின்றன.

தமிழ் வாசகருக்கு இந்நேரம் சீமைக் கருவேலம் நினைவுக்கு வந்திருக்கும். அவசரப்பட்டு ஆட்டை அவிழ்த்துவிட வேண்டாம். அதன் முற்றிய இலையை ஆடு பெரும்பாலும் தொடாது. இனிப்பான காயை மட்டும் ஆவலாகத் தின்னும். கெட்டித்தோல் விதைகளில் ஒரு பகுதி குடலைத் தாண்டிப் புழுக்கையோடு புது இடத்தில் விழுகிறது. ஆடும் மாடும்தான் அந்த மரத்தின் விதையைப் பரப்புகின்றன. கென்யாவின் பாரிங்கோ பகுதியில் இந்தக் காயைத் தின்று தின்று ஆடுகளின் பல் சொத்தையாகிக் கொட்டிப்போனது. அங்குள்ள மக்கள் மரத்தைக் கொண்டுவந்ததற்காக அரசின்மீது வழக்குத் தொடுத்து, பல்லில்லாத ஓர் ஆட்டையே நைரோபி நீதிமன்றத்துக்குச் சாட்சியாகக் கொண்டுபோனார்கள். உன்னிச்செடியில் நிலைமை இன்னும் மோசம்: அதன் இலையிலுள்ள லான்டடீன் என்ற நச்சு கால்நடையின் கல்லீரலைக் கெடுக்கும். கோர்ஸில் ஆடு வெல்வதற்குக் காரணம் அதன் துளிர் தின்னத்தக்கது, அதன் காய் ஆட்டை ஈர்ப்பதில்லை, பூவே ஆட்டின் வாய்க்குள் போய்விடுகிறது. இந்த மூன்றும் ஒரு செடியில் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே மந்தையைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்தக் கோர்ஸே நம்மிடமும் இருக்கிறது. ஆங்கிலேயர் மேல் நீலகிரிக்குக் கொண்டுவந்த செடிகளில் கோர்ஸும், அதற்கு உறவான ஸ்காட்ச் புரூமும் உண்டு. சோலைகளுக்கு நடுவே விரிந்த புல்வெளிகளில் இரண்டும் வேர்பிடித்துவிட்டன. இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளியிலும் கோர்ஸ் பரவி, தன்னார்வலர்கள் கூடிப் பிடுங்கி எடுக்க வேண்டியதாயிற்று. இங்கெல்லாம் நியூசிலாந்து முறையை அப்படியே செய்ய முடியாது. முக்குருத்தி தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சலுக்குச் சட்டம் இடம் தராது. அங்கு வாழும் வரையாடு வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் உறவு. மந்தையின் நோய் அதற்குத் தொற்றினால் ஈடுசெய்ய முடியாத இழப்பு. தோடர்களின் எருமைகள் அந்தப் புல்வெளிகளை நூற்றாண்டுகளாக மேய்ந்தவை, ஆனால் எருமை புல்லைத் தேடும் விலங்கு, முள்ளைத் தேடாது. ரைபுல் விதைப்பதும் கூடாது. அங்கே வர வேண்டியது நீலகிரிக்கே உரிய புல்.

ஆடு செய்யும் வேலையை அங்கே மனிதக் கைகள்தான் செய்ய வேண்டும். கோர்ஸையும் புரூமையும் வெட்டி அகற்ற ஒரு பருவம் போதும். அதன்பின் எழும் நாற்றுகளை மண் ஈரமாக இருக்கும்போது, முள் முற்றுமுன், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது பிடுங்க வேண்டும். கட்டைத் துளிரைக் கிள்ளி எறிய வேண்டும், வெறுமையான மண்ணில் உள்நாட்டுப் புல்லை நட வேண்டும். விதை மண்ணில் கிடக்கும் காலத்தை நினைத்தால் இது பல ஆண்டு வேலை. அந்தப் புல்வெளிகளை அறிந்த மலைமக்களுக்கு நிலையான ஊதியத்தோடு கொடுக்கத்தக்க வேலையும் கூட. திட்டம் போடும்போதே வெட்டுக்கூலியைவிடப் பெரிய தொகையை இந்தப் பின்வேலைக்கு எழுதி வைக்க வேண்டும். அந்தத் தொகை இல்லாத ஆண்டில் புதரைத் தொடாமல் விட்டுவைப்பதே மேல். வெட்டினால் விதை எழும், எழுந்ததைப் பிடுங்க ஆள் இருக்காது.